லாக்கைப் பிடித்துக்கொண்டு காத்திருக்காதீர்கள்: நெட்வொர்க் டிரைவர் எழுதுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

சிப் நிறுவனங்களிலும் போர்டு நிறுவனங்களிலும் உட்கார்ந்து லினக்ஸுக்கு நெட்வொர்க் டிரைவர் (நெட்வொர்க் சிப்பை இயக்கும் புரோகிராம்) எழுதுகிறவர்களுக்கும், அதைப் படித்துப் பார்த்து 'சரி, அனுப்பலாம்' என்று தலையாட்டுகிறவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன். நான் டிரைவர் எழுதுகிறவன் இல்லை. உங்கள் சிப் உள்ள போர்டை வாங்கி, ஒரு பெட்டிக்குள் வைத்து, பெட்டியை எங்கோ ஒரு ஆலையின் மூலையில் மாட்டிவிட்டு, அது நின்றுபோனால் போன் எடுத்துப் பதில் சொல்கிறவன். அதனால் உங்கள் கோடை (புரோகிராம் வரிகளை) நான் படிக்க ஆரம்பிப்பதே ஏதாவது உடைந்த பிறகுதான். கொஞ்சம் கடுப்போடு எழுதியிருந்தால் அதுதான் காரணம்.

ஹார்டுவேர் மெதுவாக இருக்கிறது என்பது என் புகாரே இல்லை. அது மெதுவாகத்தான் இருக்கும். கேபிளில் சிக்னலை அனுப்பி வாங்கும் ஃபை சிப்போடு பேசுகிற எம்டிஐஓ பஸ் வழக்கமாக ஓடுவது 2.5 மெகாஹெர்ட்ஸில், ஒரே ஒரு ரெஜிஸ்டரை (சிப்புக்குள் இருக்கும் ஒரு சிறு எண் பெட்டியை) படிக்க முன்னொட்டோடு சேர்த்து 64 பிட் போய் வர வேண்டும், அதாவது 25.6 மைக்ரோசெகண்ட். அந்த நேரத்தில் சிபியு எத்தனையோ ஆயிரம் வேலை முடித்திருக்கும். அந்த ஃபையை ரீசெட் செய்தால் திரும்பி வர அரை செகண்ட் வரை எடுத்துக்கொள்ள ஐட்ரிபிள்இ 802.3 தரமே இடம் கொடுக்கிறது, அதனால்தான் கர்னலின் (லினக்ஸின் மையப் பகுதியின்) பொதுக் கோடு 600 மில்லிசெகண்ட் வரை பொறுத்துப் பார்க்கிறது. ஃபைக்குள் ஃபர்ம்வேர் (சிப்புக்குள்ளேயே ஓடும் புரோகிராம்) ஏற்ற வேண்டும் என்றால் இன்னும் மோசம்: 256 கிலோபைட்டை 16 பிட் 16 பிட்டாக அந்தப் பஸ்ஸில் தள்ளினால் 1,31,072 தடவை, குறைந்தது 3.3 செகண்டுக்கு மேல் வரும். இதெல்லாம் இயற்பியல், இதற்கு யாரையும் திட்ட முடியாது.

நான் கேட்பது வேறு. நீங்கள் காத்திருக்கும்போது கையில் எந்த லாக்கை (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் நுழைய விடும் பூட்டை) பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்? எவ்வளவு நேரம் வரை? ஹார்டுவேர் கடைசிவரை பதிலே சொல்லாவிட்டால் என்ன செய்வீர்கள்? நான் பார்த்த ஹேங்குகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றை யாரும் யோசிக்காததால் வந்தவை.

எளிதானதிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஒரு வைல் லூப். ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரைப் படி, பிஸி பிட் அணைந்ததா என்று பார், அணையவில்லையா, மறுபடி படி. அவ்வளவுதான். வெளியே வர வேறு வழி கிடையாது. டேட்டாஷீட்டில் 'பொதுவாக 10 மைக்ரோசெகண்டில் முடியும்' என்று எழுதியிருக்கும், லேபில் உள்ள போர்டிலும் அப்படியே முடியும், கோடு உள்ளே போய்விடும். பிறகு ஒரு நாள் அந்தக் கார்டு பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் லேசாகத் தளர்கிறது, அல்லது சிப் சூடாகி லிங்க் விழுகிறது. அப்போது அந்த ரெஜிஸ்டரைப் படித்தால் வழக்கமான பிசி, சர்வர்களில் பிழை வராது. எல்லா பிட்டும் ஒன்றாக, 0எக்ஸ்எஃப்எஃப்எஃப்எஃப்எஃப்எஃப்எஃப்எஃப் என்று ஒரு எண் வரும். பிஸி பிட்டும் அதில் ஒன்றுதான். அது அணையப் போவதே இல்லை. ஸ்பின்லாக் (கிடைக்கும்வரை சிபியு தூங்காமல் சுற்றி நிற்கும் லாக்) பிடித்துக்கொண்டு இந்த லூப்புக்குள் போயிருந்தால் அந்த சிபியு கோர் போனது போனதுதான். இருபது செகண்ட் கழித்து 'சாஃப்ட் லாக்கப்' என்று கர்னல் கத்தும், அதே லாக்குக்காக மற்ற கோர்களும் ஒவ்வொன்றாக வந்து நின்று சுற்ற ஆரம்பிக்கும்.

இதைவிட விஷமமானது இதன் தலைகீழ். 'முடிந்தது' பிட் எரிகிறதா என்று பார்க்கிற லூப், எல்லாமே ஒன்றாக வந்தால் முதல் தடவையிலேயே சந்தோஷமாக வெளியே வந்துவிடும். அப்புறம் அடுத்த ரெஜிஸ்டரிலிருந்து 'வரிசையில் எத்தனை டிஸ்கிரிப்டர்' (பேக்கெட் எங்கே இருக்கிறது என்று சொல்லும் குறிப்பு) என்று படித்து, நானூறு கோடி என்று விடை வாங்கி, அதை நம்பி ஓடும். டைம்அவுட் (இதற்கு மேல் காத்திராதே என்ற நேர வரம்பு) வைத்திருந்தாலும் இது பிடிபடாது. பிசிஐ சாதனத்தில் எல்லாம் ஒன்றாக ஒரு எண் வந்தால் 'ஆள் உயிரோடு இருக்கிறானா' என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள், அதற்கான ஃபங்ஷன் கர்னலிலேயே இருக்கிறது. சில ஏஆர்எம் சிப்களில் அந்த எண்கூட வராது என்பதையும் சொல்லிவிட வேண்டும்: கிளாக் அணைத்து வைத்த பிளாக்கின் ரெஜிஸ்டரைத் தொட்டால் பஸ்ஸே பதிலுக்காக நின்றுவிடும், சிபியு அந்த ஒரே கட்டளையிலேயே உறைந்துவிடும். அங்கே எந்த மென்பொருள் டைம்அவுட்டும் உதவாது. தொடுவதற்கு முன் கிளாக்கும் பவரும் வந்திருக்கின்றனவா என்று உறுதி செய்துகொள்வது மட்டும்தான் மருந்து.

டைம்அவுட் வைத்தவர்களிடமும் ஒரு வார்த்தை. எண்ணிக்கையை நேரம் என்று நம்பாதீர்கள். 'ஆயிரம் தடவை சுற்று, ஒவ்வொரு தடவையும் ஒரு மில்லிசெகண்ட் தூங்கு, ஆக ஒரு செகண்ட்' என்று கணக்குப் போடுகிறீர்கள். 100 ஹெர்ட்ஸ் டிக் உள்ள கர்னலில் ஒரு மில்லிசெகண்ட் தூங்கச் சொல்லும் எம்ஸ்லீப் ஒன்று என்பது 20 மில்லிசெகண்ட் வரை இழுக்கும், உங்கள் ஒரு செகண்ட் இருபது செகண்டாகிவிடும். யுஎஸ்பி ஈத்தர்நெட் டாங்கிளில் இது இன்னும் அழகாக வெளியே வரும். அங்கே ஒரு ரெஜிஸ்டரைப் படிப்பது என்பதே ஒரு கன்ட்ரோல் மெசேஜ், அதற்கு வழக்கமாகக் கொடுக்கும் டைம்அவுட் 5 செகண்ட். நூறு தடவை சுற்றும் லூப்பில் ஒவ்வொரு தடவையும் அது ஐந்து செகண்டை முழுதாகத் தின்றால் ஐந்நூறு செகண்ட், எட்டு நிமிஷத்துக்கும் மேல். சிலர் டைம்அவுட் இடத்தில் பூஜ்யம் போட்டு வைத்திருக்கிறார்கள். அந்த ஃபங்ஷனில் பூஜ்யத்துக்கு அர்த்தம் 'உடனே திரும்பு' இல்லை, 'எப்போதைக்கும் காத்திரு'.

இதற்காக நீங்கள் புதிதாக எதுவும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, ரீட்_போல்_டைம்அவுட் என்று ஒரு மேக்ரோ பல வருஷமாகக் கர்னலில் கிடக்கிறது. தடவைகளை எண்ணாமல் கடிகாரத்தைப் பார்க்கும். நேரம் முடிந்த பிறகு கடைசியாக ஒரு தடவை ரெஜிஸ்டரைப் படித்துவிட்டுத்தான் தோல்வி என்று சொல்லும். இந்தக் கடைசித் தடவை வீண்வேலை மாதிரி தெரியும், ஆனால் படித்ததற்கும் கடிகாரத்தைப் பார்த்ததற்கும் நடுவில் ஷெட்யூலர் உங்களைத் தூக்கி ஓரமாக வைத்திருக்கலாம். ஹார்டுவேர் எப்போதோ வேலையை முடித்திருக்கும், நீங்கள்தான் தாமதமாகத் திரும்பி வந்திருப்பீர்கள். கையால் எழுதிய லூப்புகளில் இந்த வரியைப் பெரும்பாலும் காணோம். கூட்டமான சர்வரில் மட்டும் எப்போதாவது வருகிற, யாராலும் மறுபடி வரவழைக்க முடியாத 'டைம்அவுட்' புகார்களில் ஒரு பங்கு இப்படிப் பிறந்ததுதான்.

தூங்க முடியாத இடங்கள் இருக்கின்றன, தெரியும். பேக்கெட் அனுப்பும் வழி, 'நாப்பி போல்' (வந்த பேக்கெட்டுகளைத் தொகுதியாக எடுக்கும் ஃபங்ஷன்), இன்டர்ரப்ட். மல்டிகாஸ்ட் பட்டியலை மாற்றும்போது கூப்பிடப்படும் செட்_ஆர்எக்ஸ்_மோட் ஸ்பின்லாக்குக்குள் ஓடுகிறது என்பது பலருக்கும் நினைவில் இருப்பதில்லை. அங்கெல்லாம் எம்டிலே (தூங்காமல் சிபியுவைச் சுற்ற விடும் மில்லிசெகண்ட் காத்திருப்பு) போட்டுச் சமாளிக்கிறீர்கள். 1 ஜிகாபிட் லைனில் சின்ன பேக்கெட்டாக வந்தால் செகண்டுக்கு 14.88 லட்சம் வரலாம். பத்து மில்லிசெகண்ட் எம்டிலே என்றால் கிட்டத்தட்ட 14,880 பேக்கெட் வாசலில் நிற்கிறது, பேக்கெட்டுகளை வாங்கி வைக்கும் உங்கள் ரிங்கில் இடம் இருப்பதோ பெரும்பாலும் சில நூறு. பத்து மைக்ரோசெகண்டுக்கு உள்ளே என்றால் யூடிலே (அதே மாதிரி மைக்ரோசெகண்ட் காத்திருப்பு) போட்டுக்கொள்ளுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள். அதற்கு மேல் போனால் வேலையை ஒரு வொர்க்க்யூவுக்கு (பிறகு செய்யும் வேலைகளின் வரிசைக்கு) தள்ளிவிட்டு அங்கே போய் நிம்மதியாகத் தூங்குங்கள். விண்டோஸ் பக்கம் டிரைவர் எழுதியவர்களுக்கு இது பழகியிருக்கும். அங்கே ஒரேயடியாக 50 மைக்ரோசெகண்டுக்கு மேல் சிபியுவைச் சுற்ற விடாதே என்று ஆவணமே சொல்கிறது, மீறி இழுத்துக்கொண்டே போனால் 0எக்ஸ்133 நீலத்திரை.

இனி என் முக்கியமான சண்டை: ஆர்டிஎன்எல் லாக்.

ஒரு வழிப் பாலத்தின் நடுவில் ஒரு லாரி பழுதானால் ஊருக்கே போக்குவரத்து நிற்குமே, அந்தப் பாலம்தான் இது. ஐபி லிங்க், டிஎச்சிபி, நெட்வொர்க் மேனேஜர், டாக்கர் ஒரு கன்டெய்னருக்கு வீத் ஜோடி (மெய்நிகர் கேபிள்) உண்டாக்குவது, விலான் சேர்ப்பது என்று நெட்வொர்க் அமைப்பை மாற்றும் வேலைகள் பெரும்பாலும் இந்த ஒரே லாக்கைக் கடந்துதான் போகின்றன. உங்கள் ஓப்பன், க்ளோஸ், பல ஈத்டூல் (கார்டின் அமைப்பைப் பார்க்கவும் மாற்றவும் உதவும் கருவி) கட்டளைகள் எல்லாம் கூப்பிடப்படுவது இதைப் பிடித்த நிலையில். நீங்கள் ஓப்பனுக்குள் உட்கார்ந்து ஃபர்ம்வேரின் பதிலுக்காக முப்பது செகண்ட் காத்திருந்தால், உங்கள் கார்டுக்குச் சம்பந்தமே இல்லாத இன்னொரு கார்டின் ஐபி முகவரியும் முப்பது செகண்ட் கழித்துத்தான் மாறும்.

எங்களுக்கு வந்த ஒன்றைச் சொல்கிறேன், சிப் யாருடையது என்பதை விட்டுவிடலாம். ஒரு ஆலைக்குள் இருந்த கேட்வே பெட்டி. இரண்டு போர்ட்: ஒன்றில் மெஷின்கள், இன்னொன்றில் வெளியே வரும் லைன். மெஷின் பக்கத்து சிப்பின் ஃபர்ம்வேர் செத்துவிட்டது. டிரைவர் ஆர்டிஎன்எல்லைப் பிடித்துக்கொண்டு அதன் பதிலுக்காகத் தூங்கித் தூங்கி எழுந்து பார்த்துக்கொண்டிருக்கிறது, எல்லை இல்லாமல். நான் வெளியிலிருந்து எஸ்எஸ்எச்சில் உள்ளே போக முடிகிறது, ஏனென்றால் பேக்கெட் போகிற வழிக்கு அந்த லாக் தேவையில்லை. உள்ளே போய் ஐபி லிங்க் என்று அடித்தால் கர்சர் அப்படியே நிற்கிறது. கன்ட்ரோல் சி வேலை செய்யவில்லை, கில் மைனஸ் ஒன்பது வேலை செய்யவில்லை, பிஎஸ் போட்டுப் பார்த்தால் வரிசையாக டி நிலை (கொல்ல முடியாத தூக்கம்), லோடு ஆவரேஜ் ஏறிக்கொண்டே போகிறது, சிபியு மட்டும் சும்மா கிடக்கிறது. ரீபூட் என்று அடித்தால் அதுவும் போய் அதே வரிசையில் நின்றது: டிரைவரின் ஷட்டவுன் வழியும் அதே லாக்கைத்தான் கேட்கிறது.

ஹார்டுவேர் வாட்ச்டாக் (தீனி வராவிட்டால் பெட்டியை ரீசெட் செய்யும் டைமர்) இருந்ததே என்பீர்கள். இருந்தது. ஆனால் அதற்குத் தீனி போடுகிற புரோகிராமுக்கு ஆர்டிஎன்எல் தேவையில்லையே, அது பாட்டுக்கு ஒழுங்காகத் தீனி போட்டுக்கொண்டிருந்தது. முழுசாகச் செத்திருந்தால் பெட்டி தானாக எழுந்திருக்கும். பாதி செத்ததுதான் பிரச்சினை. கடைசியில் கர்னலுக்கு நேரடியாக அவசரக் கட்டளை கொடுக்கும் சிஸ்ஆர்க்யூ டிரிகருக்குள் 'பி' என்று எழுதி, எந்த ஷட்டவுன் வழியையும் தொடாமல் நேராக ரீசெட் ஆக வைத்தோம்.

கர்னலின் பதிவுகளைப் பார்த்தபோது இன்னொரு வேடிக்கை. 120 செகண்டுக்கு மேல் அசையாமல் கிடக்கும் டாஸ்க்குகளை ஹங் டாஸ்க் கண்காணிப்பு எழுதி வைக்கும் அல்லவா, அதில் நெட்வொர்க் மேனேஜர் பெயர் இருந்தது, ஐபி கட்டளையின் பெயர் இருந்தது, குற்றவாளியின் பெயர் மட்டும் இல்லை. ஏனென்றால் அந்தக் கண்காணிப்பு பார்ப்பது 'இந்த டாஸ்க் கடைசியாகப் பார்த்ததிலிருந்து ஒரு தடவையாவது சிபியுவுக்கு வந்து போனதா' என்பதை. லூப்புக்குள் பத்து மில்லிசெகண்ட் தூங்கி எழுகிற உங்கள் டிரைவர் வந்து போய்க்கொண்டே இருக்கிறது, ஆகவே அது நல்ல பிள்ளை. லாக்குக்காக நின்றவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அதுவும் பத்து எச்சரிக்கையோடு அது வாயை மூடிக்கொள்ளும், இயல்பான அமைப்பு அப்படி. சிஸ்ஆர்க்யூ 'டபிள்யூ' கொடுத்து டி நிலையில் உள்ள எல்லோருடைய ஸ்டாக்கையும் கொட்ட வைத்த பிறகுதான் ஆள் கிடைத்தான். இப்போது எங்கள் பெட்டிகளில் ஹங் டாஸ்க் வந்தால் பேனிக் (கர்னல் தன்னையே நிறுத்திக்கொள்வது), பேனிக் ஆனால் பத்து செகண்டில் ரீபூட் என்று வைத்திருக்கிறோம். முரட்டு வைத்தியம்தான், ஆனால் ஆளனுப்பிப் பவர் பட்டனை அழுத்த வைப்பதைவிட மேல்.

2025-ல் வந்த கர்னல்களில் ஒவ்வொரு நெட்வொர்க் சாதனத்துக்கும் தனி லாக் என்ற திசையில் வேலை நடந்திருக்கிறது, நல்ல விஷயம். ஆனால் டிரைவர்கள் அதற்கு மாற வேண்டும், நாங்கள் வாங்கும் போர்டுகளோ நீங்கள் கொடுத்த பழைய கர்னலில்தான் பல வருஷம் ஓடப் போகின்றன. தனி லாக் வந்தாலும் உங்கள் கார்டு உறைந்தது உறைந்ததுதான், பக்கத்துக் கார்டு மட்டும் தப்பிக்கும்.

லாக்கை விட்டுவிட்டுக் காத்திருப்பது முடியாத காரியம் என்று யாராவது சொன்னால் ஈத்டூல் மைனஸ் பி கட்டளையைப் பாருங்கள். சர்வர் அறையில் எந்த போர்ட் எது என்று தெரியாதபோது எல்இடியை மின்ன வைக்கிறதே, அதேதான். நாம் நிறுத்தும்வரை நிமிஷக்கணக்கில் மின்னும். அந்த நேரம் முழுக்க ஆர்டிஎன்எல்லைப் பிடித்திருந்தால் சர்வரே முடங்கும், அதனால் கர்னல் சாதனம் காணாமல் போகாதபடி ஒரு ரெஃபரன்ஸ் மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, அதே சாதனத்தில் இதே கட்டளை இன்னொரு தடவை நுழையாதபடி தடுத்துவிட்டு, லாக்கை விட்டுவிட்டுத் தூங்குகிறது. செருகிக் கழற்றும் ஆப்டிகல் மாட்யூல்களைக் கவனிக்கும் எஸ்எஃப்பி கோடு இன்னும் அழகு. ஆப்டிகல் மாட்யூல் தயாராக 300 மில்லிசெகண்ட் என்று தரம் சொல்கிறது, சில ஜிபான் (ஃபைபர் இன்டர்நெட்) குச்சிகள் 60 செகண்ட் எடுத்துக்கொள்கின்றன. அந்தக் கோடு ஒரு ஸ்டேட் மெஷின்: 'இந்த நிலையில் இருக்கிறேன், இவ்வளவு நேரம் கழித்து என்னை எழுப்பு' என்று ஒரு தாமத வேலையைப் போட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறது. ஒரு நிமிஷம் காத்திருக்கிறது, ஒருத்தரும் உறையவில்லை. மெதுவான ஹார்டுவேரோடு எப்படிக் குடும்பம் நடத்துவது என்று யாராவது கேட்டால் நான் அந்த ஃபைலைத்தான் காட்டுவேன்.

டைம்அவுட் வந்த பிறகு என்ன என்பதில்தான் உங்களில் நிறையப் பேர் களைத்துப் போய்விடுகிறீர்கள். எரர் வழி எழுதப்படுகிறது, ஓட்டிப் பார்க்கப்படுவதில்லை. இரண்டு இடத்தை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இந்த இரண்டும் வெவ்வேறு டிரைவர்களில் திரும்பத் திரும்ப வருகின்றன.

பேக்கெட் அனுப்பும் வரிசை நகரவில்லை என்றால், இயல்பான அமைப்பில் 5 செகண்ட் கழித்து 'நெட்டெவ் வாட்ச்டாக்' உங்கள் டிஎக்ஸ்_டைம்அவுட் ஃபங்ஷனைக் கூப்பிடும். அங்கே தூங்க முடியாது, அதனால் ரீசெட் வேலையை வொர்க்க்யூவில் போடுகிறீர்கள், சரி. அந்த வேலை ஆர்டிஎன்எல்லைக் கேட்கிறது, அதுவும் சரி. இந்த நேரம் பார்த்து யாரோ இன்டர்ஃபேஸை இறக்குகிறார்கள்: உங்கள் க்ளோஸ், ஆர்டிஎன்எல்லைப் பிடித்தபடி கேன்சல்_வொர்க்_சிங்க் என்று அந்த வேலை முடியக் காத்திருக்கிறது. வேலை லாக்குக்காக, லாக் வைத்திருப்பவர் வேலைக்காக. இது மெதுவான ஹார்டுவேர்கூட இல்லை, ஆனால் ஹார்டுவேர் சுணங்கினால்தான் இந்தக் கோடே ஓடும், அதனால் லேபில் எட்டிப் பார்க்காது. ரீசெட் வேலைக்குள் லாக்கை முயன்று பார்த்து, கிடைக்காவிட்டால் பிறகு வருகிறேன் என்று தன்னையே மறுபடி வரிசையில் போட்டுக்கொண்டு திரும்பினால் அந்த முடிச்சு விழாது.

இன்னொன்று நாப்பி_டிசேபிள். ஒரு தடவை கூப்பிட்டால் அந்த 'நாப்பி போல்' ஃபங்ஷன் முடியும்வரை காத்திருந்து நிறுத்தும். நிறுத்தியதையே இன்னொரு தடவை நிறுத்தச் சொன்னால் நிரந்தரமாகக் காத்திருக்கும். உங்கள் ரீசெட் நாப்பியை நிறுத்துகிறது, ஃபர்ம்வேருக்குக் கட்டளை அனுப்புகிறது, டைம்அவுட் ஆகிறது, எரர் என்று பாதியிலேயே திரும்பிவிடுகிறது. ஒழுங்காக டைம்அவுட் வைத்தவர்தான், பாவம். அப்புறம் யாரோ ஐபி லிங்க் டவுன் கொடுக்க, க்ளோஸ் மறுபடி நாப்பியை நிறுத்தப் போய், ஆர்டிஎன்எல்லோடு சேர்ந்து அங்கேயே குடியேறிவிடுகிறது. ரீசெட் பாதியில் தோற்றால் சாதனம் எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு ஃபிளாக் வைத்து, அதைப் பார்த்துவிட்டு க்ளோஸுக்குள் இறங்கினால் போதும்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. அனுப்புவதற்கு முன் ப்ரூவ்_லாக்கிங், டிபக்_அட்டாமிக்_ஸ்லீப் என்ற இரண்டு சோதனை வசதிகளையும் போட்டுக் கட்டிய கர்னலில் ஒரு வாரம் ஓட்டுங்கள். மேலே சொன்ன கேன்சல் முடிச்சு நிஜமாக உறையும் முன்பே, அந்த இரண்டு வழிகளும் தனித்தனியாக ஒரு தடவை ஓடினாலே, லாக்டெப் (ப்ரூவ்_லாக்கிங்கோடு வரும் லாக் சோதனை) காட்டிக்கொடுத்துவிடும். டிராஃபிக் முழு வேகத்தில் ஓடும்போது யுஎஸ்பியைப் பிடுங்குங்கள். சாஃப்ட்வேரில் ரிமூவ் கொடுப்பது முறைப்படி வழியனுப்புவது, அது கணக்கில் சேராது, நிஜமாகவே பிடுங்க வேண்டும். ஃபர்ம்வேரை வேண்டுமென்றே கொல்கிற ஒரு டிபக் கட்டளை உங்களிடம் கட்டாயம் இருக்கும், அதைக் கொடுத்துவிட்டு அப் டவுன் அப் டவுன் என்று இரவு முழுக்க ஓட விடுங்கள், காலையில் இன்னொரு போர்ட்டில் ஐபி மாற்ற முடிகிறதா என்று பாருங்கள்.

மேலாளர்களுக்குத் தனியாக ஒன்று. டேட்டாஷீட்டில் 'பொதுவாக இவ்வளவு நேரம்' என்ற பத்திக்குப் பக்கத்தில் 'அதிகபட்சம்' என்ற பத்தி பல இடங்களில் காலியாக இருக்கிறது. டிரைவர் எழுதுகிறவர் அந்தக் காலி இடத்தை வைத்துக்கொண்டு எந்த டைம்அவுட்டைப் போடுவார்? கையில் வந்த எண்ணைப் போடுவார், அல்லது போடாமலே விடுவார். ஃபர்ம்வேர் குழுவையும் டிரைவர் குழுவையும் ஒரு அறையில் உட்கார வைத்து, ஒவ்வொரு கட்டளைக்கும் அதிகபட்ச நேரம் என்ன, அதைத் தாண்டினால் சிப்பை எப்படி ரீசெட் செய்வது, அந்த ரீசெட்டே எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதை எழுதி வாங்குங்கள். அடுத்த ரிலீஸோடு அந்தப் பட்டியலை எங்களுக்கும் அனுப்புங்கள், எங்கள் வாட்ச்டாக்கை எத்தனை செகண்டுக்கு வைப்பது என்று நாங்கள் அதைப் பார்த்து முடிவு செய்துகொள்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் டிரைவரை நம்பிப் பெட்டி மாட்டுகிற ஒருவன்